வடைக்கு மயங்கிய மீன்

எண்பதுகளின் கடைசியில் நான் கிழக்கு லண்டனில் ஒரு பாண் தொழிற்சாலையில், அதாவது ரொட்டித் தொழிற்சாலையில், வேலை செய்தேன். மனோர் பார்க்கில் நான் இருந்த வீட்டின் முன்னறையில் குடியிருந்தவருக்கும் அங்கேதான் வேலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால் அண்ணை. எங்கள் சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக்காரர். பெல்ட்டில் ஒரு பாண் கோணலாக வந்தாலும் கூரை அதிரக் கத்துவார். ஆனால் மீன்பிடியைப் பற்றிப் பேசும்போது மட்டும், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போலப் பேசுவார். ஒரு கோடையில், சனிக்கிழமை ஆற்றில் சப் என்ற மீன் பிடிக்கப் போவதாகவும் நானும் வரலாம் என்றும் சொன்னார்.

இதைக் கேட்டதும் அண்ணை, "மீனோ? நானும் வாறன்" என்றார்.

விடிய எழும்பி உழுந்து வடை சுட்டுக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போவது போலப் பளிச்சென்ற மஞ்சள் சேட்டு போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு கனத்த பை. சூப்பர்வைசரின் வேனில் வூட்ஃபர்ட் தாண்டிப் போய், மாடுகள் மேயும் ஒரு புல்வெளியில் இறங்கினோம். ரோடிங் ஆறு வில்லோ மரங்களின் கீழே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுவோ ஆறு? இதை நாங்கள் வாய்க்கால் எண்டெல்லோ சொல்லுவம்" என்றார் அண்ணை. ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அவர்.

அனுமதிச் சீட்டெல்லாம் சூப்பர்வைசரே எடுத்து வைத்திருந்தார். ஆளுக்கொரு தூண்டில் தந்துவிட்டு, சப் மகா பயந்த மீன், நிழல் பட்டாலே ஓடிவிடும், குனிந்துதான் நடக்க வேண்டும், பேசக்கூடாது என்றார். பிறகு தொழிற்சாலைப் பாணைக் கிள்ளித் தூண்டில் முள்ளில் குத்தினார்.

"இரவிரவாய் நிண்டு நாங்கள் சுட்ட பாணை மீனுக்கோ போடுறார்?" என்று அண்ணை என் காதில் கேட்டார். அண்ணையின் இரகசியம் அக்கரைக்கும் கேட்கும். சூப்பர்வைசர் உதட்டில் விரலை வைத்தார்.

மத்தியானம் வரை ஒரு மீனும் பாணைத் தொடவில்லை. தெளிந்த தண்ணீரில் சப் மீன்கள் கறுப்பு நிழல்களாக வந்து, பாணை மூக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயின. சூப்பர்வைசர் சீஸ் போட்டார், டின் இறைச்சி போட்டார். அதுவும் சரிவரவில்லை.

"அதுகளுக்குத் தெரியும் பாணுக்குள்ளை என்ன கிடக்கெண்டு" என்றார் அண்ணை. பிறகு பையைத் திறந்து கத்தி, மிளகாய்த்தூள், புளி, தேங்காய்ப்பால் டின், ஒரு சட்டி எல்லாவற்றையும் புல்லில் பரப்பினார். சூப்பர்வைசர் அவற்றைக் கண்டு திகைத்துப்போய், பிடிக்கிற மீனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும், அதுதான் இங்கே வழக்கம், தின்றாலும் அது வெறும் முள்ளும் பஞ்சும்தான் என்று விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன்.

அண்ணை நெடுநேரம் யோசித்தார். "விடுறதெண்டால் பிறகேன் பிடிக்கிறது?"

இந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்தேன். சூப்பர்வைசரும் நெடுநேரம் யோசித்தார். பிறகு இன்னொரு துண்டுப் பாணைக் கிள்ளி முள்ளில் குத்தினார்.

மனமுடைந்த அண்ணை வடைப் பொதியை அவிழ்த்தார். கடிக்கும்போது ஒரு துண்டு தவறித் தண்ணீரில் விழுந்தது. மறுகணம், தபால்பெட்டி மாதிரி ஒரு பெரிய வெள்ளை வாய் மேலே வந்து, வடையை வாங்கிக்கொண்டு கீழே போனது. சூப்பர்வைசர் மெல்லக் கையை நீட்டி ஒரு வடை கேட்டார். அதில் பாதியை முகர்ந்து தானே தின்றுவிட்டு, மீதியைத்தான் அண்ணையின் முள்ளில் குத்தினார்.

முள் தண்ணீரில் விழுந்ததும் தக்கை முங்கியது. "ரீலைச் சுத்துங்கோ, அண்ணை!" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம்?"

அண்ணைக்குப் பொறுமையில்லை. தூண்டிலைத் தோளில் போட்டு, தேர்வடம் பிடிப்பவர் போலப் புல்வெளிப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் மீன் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில், முன்னால் நின்ற பசுவைக் காணவில்லை. மோதி விழுந்தார். பசு அவரை முகர்ந்து, மஞ்சள் சேட்டை ஒரு தடவை நக்கிப் பார்த்தது. அதற்குள் சூப்பர்வைசர் கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி மீனை ஏந்திவிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய சப் மீனைக் கண்டதில்லை என்று கத்தினார். பெல்ட் பக்கத்தில் கத்துகிற அதே குரல். ஆற்றிலிருந்த மற்ற மீன்களெல்லாம் அப்போதே ஊரைக் காலிபண்ணியிருக்கும்.

மீனை விடும் மரியாதை அண்ணைக்கே கிடைத்தது. பித்தளைச் செம்பு நிறம், கட்டைவிரல் நகமளவு செதில்கள். அவர் அதை இரு கையாலும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, சட்டியை ஒருமுறை பார்த்தார். சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, மிகக் கண்டிப்பாக, "போ. இனிமேல் கண்டதையும் தின்னாதை" என்று சொல்லிக் கையை விட்டார்.

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். "உங்கள் பிரார்த்தனையா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? "ஆமாம்" என்றேன்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அதைச் சொல்லித் தரும்படி என்னிடம் கேட்டு, மாவுமூட்டைகளின் நடுவே நின்று பாடமாக்கிக்கொண்டார். அதன் பிறகு பல வருடங்கள், பிடித்த ஒவ்வொரு மீனையும் "கண்டாதையும் டின்னாடை" என்று பயபக்தியோடு சொல்லித்தான் அவர் ஆற்றில் விட்டார்.