வாலில் கத்தியுள்ள மீன்
படப்பையில் எங்கள் வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டிக்கு என் கணவர் டாங் என்ற கடல்மீன் ஒன்று வாங்கி வந்தார். வந்ததுமே அது எங்கள் சிறிய கோமாளி மீனை விரட்டி மூலையில் ஒடுக்கியது.

"புது எடம், பழகிடும்" என்றவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

"அம்மா, அடிக்குதும்மா!" என்று என் நான்கு வயது மகள் நாற்காலியில் ஏறித் தொட்டிக்குள் கையை நீட்டினாள். அவளைக் கீழே இறக்கிவிட்டு, மீன்களைப் பிரிக்க நானே உள்ளே கையை விட்டேன். டாங் வாலைச் சுழற்றியதில் என் விரல் கிழிந்தது. அதன் வாலடியில் கத்தி போன்ற முள் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் கையாக இருந்திருந்தால்?

மறுநாள் அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

"இத்தினியூண்டு தொட்டியில வுட்டா சண்ட போடாம இன்னா பண்ணும்க்கா?" என்றார் கடைக்காரர்.

"அப்ப ஏன் வித்தீங்க?"

"சார் கலர மட்டுந்தான் கேட்டாரு."

இப்போது தொட்டிக்கு மூடி போட்டுவிட்டேன். எவ்வளவு வளரும், எதோடு ஒத்துப்போகும் என்று கேட்காமல் மீன் வாங்குவதில்லை. ஆனாலும் தவறு மீனுடையதா, எங்களுடையதா என்று குழம்புகிறேன்.

"அதுக்குப் பெரிய வூடு கெடச்சிச்சாம்மா?" என்று மகள் இன்னும் கேட்கிறாள்.