மூன்றாவது கம்பி

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் கிற்றார் கம்பி விற்கிறார்கள். முதலாவதான மெல்லிய கம்பி மட்டும். மாதா கோயில்களில் வாசிப்பவர்களுக்கு அறுவது அதுதான் என்பதால் மற்ற ஐந்தையும் கடைக்காரர் எடுத்து வைப்பதில்லை. நான் தடித்த கம்பிகள் கேட்டபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடிச்ச கம்பி அறுந்ததா நான் கேள்விப்படேல்லையே, தங்கச்சி. அதில மாடே கட்டினனீங்கள்?"

அறவில்லை, இருப்பதைவிடத் தடிப்பானது வேண்டும் என்றேன். "இந்தியாவிலயிருந்து வந்தனீங்களோ?" என்றார். கம்பி கேட்டதற்கு இது எப்படிப் பதிலாகும் என்று விளங்கவில்லை. வெளியே வந்தால் ஒரு கழுதை என் சைக்கிள் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. கழுதையை யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை.

நான் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் தலைமன்னாரிலிருந்து படகேறிப் போனவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் திரும்பி வந்தார்கள், நான் வந்தேன். முகாமில் இன்னும் இருக்கிற நீங்கள் போனில் "ஊர் எப்படி?" என்று கேட்கும்போது எனக்குச் சொல்லத் தெரிந்த பதில் கம்பியைப் பற்றியதுதான். முகாமில் எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்தான் சுவர். அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இருப்பதிலேயே மெல்லிய கம்பி போட்டு, நகம் படாமல் விரல் சதையால் வாசிப்பேன். என் தோழி செல்வியின் போனில்தான் முதலில் ப்ளூஸ் கேட்டேன். அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் வழிவந்த பாட்டு அது. சிரிக்கிற கிற்றாரின் மேல் அழுகிற குரல். அந்த இரண்டையும் ஒன்றாக வரவைக்க நான் பல வருடம் முயன்றேன். வரவில்லை.

இங்கே சுவர் பிரச்சினை இல்லை. காற்றுத்தான் பிரச்சினை. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் மெல்லிய கம்பியின் சத்தம் என் காதுக்கே வராது. கொழும்பிலிருந்து தபாலில் தடித்த கம்பி எடுப்பித்தேன். உப்புக் காற்றில் இரண்டு கிழமையில் அது மினுக்கம் இழந்து மங்கிப்போகும். ப்ளூஸுக்கு அந்த மங்கல் சத்தம் நல்லது என்பதால் எனக்குக் குறையில்லை. ஆனால் தடித்த கம்பியை எல்லோரும் வைக்கிற சுருதிக்கு முறுக்கினால், அதன் அடியைப் பிடித்திருக்கும் கட்டை பெயர்ந்துவிடும். என் கிற்றார் மலிவானது. எனவே தளர்த்தி, விரலே வைக்காமல் தட்டினாலும் டி மேஜர் என்கிற சுரக்கூட்டு ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். அப்பாவின் என்ஜின் சாமான் பெட்டியில் எடுத்த குழாய்த் துண்டைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிகளின் மேல் இழுப்பேன். இந்தச் சுருதியில் மூன்றாவது கம்பிதான் எல்லாம். அது இருக்கிற இடத்தில் இருந்தால் கிற்றார் சிரிக்கும். அரைச் சுருதி இறக்கினால் அழும்.

தவக்காலம் தொடங்கியபோது, கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஸ்டீபன் அண்ணையிடம் போய் நான் வாசிக்கிறேன் என்று கேட்டேன். இந்த ஊரில் என்னை "இந்தியாப் பிள்ளை" என்று சொல்லாமல் "கிற்றார் வாசிக்கிற பிள்ளை" என்று சொல்ல ஒரு இடமாவது வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, பதினான்கு தலங்களில் நின்று பாடிச் செபிக்கும் சிலுவைப்பாதைக்கு வாசித்துப் பார்க்கச் சொன்னார்.

"பாட்டுத் தெரியுமோ? வியாழன் பழகவேணும்."

"தெரியும்ணா. பழக வேண்டாம்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் படிப்பதும் எல்லாப் படிவத்தையும் நிரப்புவதும் நான்தான். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாட்டின் வரிகள் முகாமில் நாங்கள் பாடியவைதான். இங்கே சிலுவைப்பாதைக்கு நான் அதுவரை போனதில்லை; மெட்டு வேறாக இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை முதலாம் தலத்தில் நான் முகாம் மெட்டில் தட்டியதும் கிற்றார் சிரித்தது. பெண்கள் அழுகிற மெட்டில் எடுத்தார்கள். நடுவில் நிறுத்திக் கம்பியை இறக்க முடியாது. பதினான்கு தலமும் அப்படியே போனது. முன்வரிசையில் நின்று பாடிய ஜெனிற்றாவின் குரல் என் கிற்றாருக்கு ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. சிரிக்கிற கிற்றாரின் மேல் அழுகிற குரல். முகாமில் நான் தேடியது அதுதான். வெட்கத்தில் காது சுட்டுக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டேன்.

ஜெனிற்றா என் வயதுக்காரி, நண்டு உடைக்கிற வேலை. வெளியே வந்ததும் சொன்னாள்: "எடியே, சிலுவை சுமந்து போன ஆண்டவரைக் கலியாண வீட்டுக்கெல்லோ கூட்டிக்கொண்டு போயிட்டாய்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபன் அண்ணை சிரிக்கவில்லை. "தெரியும் எண்டு சொன்னனீர். அடுத்த வெள்ளியும் இப்பிடியெண்டால் நான் வேற ஆளைப் பாக்கோணும்."

"எனக்கு உங்க மெட்டு தெரியாதுண்ணா," என்றேன். சொல்லி முடிக்க நேரமெடுத்தது.

மறுநாள் ஜெனிற்றா வீட்டு முற்றத்துக்குக் கிற்றாரைக் கொண்டுபோனேன். அவள் கருவாடு பிரட்டிக்கொண்டே பாடினாள். நான் மூன்றாவது கம்பியை இறக்கினேன். "இன்னும் இறக்கு. இன்னும் கொஞ்சம். காணும், நிப்பாட்டு." போனில் சுருதி காட்டும் செயலி, சேரவில்லை என்று சிவப்பாகவே நின்றது. கம்பி அரைச் சுருதிகூட இறங்கியிருக்கவில்லை. செயலி பச்சையாகும் வரை இறக்கினேன்.

"இப்ப செத்துப்போச்சு," என்றாள். "முந்தி நிண்ட இடத்தில விடு."

விட்டேன். அடுத்த வெள்ளி சிலுவைப்பாதை முடிந்ததும் ஸ்டீபன் அண்ணை கதிரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "வாற கிழமை கொஞ்சம் வெள்ளன வாரும்."

அன்று வாசித்ததைச் செல்விக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "நல்லாருக்குடி. ஆனா ஒரு கம்பி சேரல, கேக்கலையா உனக்கு? அதை டியூன் பண்ணிட்டு நம்ம மெட்டுல ஒருக்கா வாசி."

கம்பியை ஏற்றினால் ஜெனிற்றா பிடித்த இடம் மறுபடி கிடைக்குமோ தெரியாது. ஏற்றவில்லை. போனை மடியில் வைத்து, முகாம் மெட்டைத் தொடங்கினேன். மூன்றாவது கம்பி வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அதைத் தொடாமல் விட்டு, அந்த ஒரு சுரத்தை மட்டும் வாயால் பாடினேன்.