வசந்தா பஸ்ஸை விட்டு இறங்கினாள்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர் வீட்டில்தான் போன் இருக்கிறது. காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா ஜன்னலில் நின்று, "யக்கோவ், உனுக்குதான் போனு, யாரோ பொண்ணு அயுதுகினு கீது" என்று கத்தினாள். பேசியது, என்னோடு கம்பெனியில் வேலை செய்த என் சிநேகிதி வசந்தாவின் மகள் கவிதா. "சித்தி, அம்மா பூட்டாங்க" என்றாள். மாரடைப்பாம். அண்ணனூரில் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஈரக் கையோடு ஓடிப்போய் ரயில் ஏறினேன்.

அழுது, எடுத்துப் போட்டு, வீடு திரும்பியதோடு என் துக்கம் முடிந்திருக்கும். இதை எழுத வைத்தவர் ஏகாம்பரம் அண்ணன்.

காரியம் முடிந்த மறுநாள் நம் பழைய கம்பெனிக்காரர்கள் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நீங்கள் பல பேர் வந்திருந்தீர்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, டூர் கமிட்டித் தலைவராக ஆண்டுக்கணக்கில் இருந்த ஏகாம்பரம் மைக்கைப் பிடித்தார். "எத்தினி டூர் போயிருப்போம்! வெளக்கு வெச்சப்புறம் வசந்தாம்மா ஒரு தபாகூட பஸ்ஸ உட்டு எறங்கினது கெடையாது. அப்பிடி ஒரு அடக்கம். இந்தக் காலத்துப் பொண்ணுங்கோ கத்துக்கணும்" என்றார். நான் எழுந்து, "பொய்யி! வாய் கூசாம பேசாதீங்க அண்ணே!" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "சாவுக்கு வந்த எடத்துல சண்ட வேணாம்மே" என்றார்கள். சரி, சண்டை போடவில்லை. எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் நாங்கள் வேலை செய்தோம். பொங்கல் கழிந்ததும் வருடா வருடம் பாண்டிச்சேரிக்கு டூர். ஏன் பாண்டிச்சேரி என்று ஆவடியில் பால்குடி மறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பகல் முழுக்க எல்லோருக்கும் பொது. வழியில் முதலைப் பண்ணை, அங்கே போனால் கலங்கரை விளக்கம், மீன் காட்சி, படகுச் சவாரி. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் பெண்களை எண்ணி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். டிரைவர் வெளியிலிருந்து கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆண்களோடு போய்விடுவார். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். அவர்கள் மீன் வறுவலும் பாட்டிலுமாக ஊரைப் பார்ப்பார்கள். நாங்கள் கண்ணாடி வழியாகக் கடற்கரைச் சாலை விளக்குகளைப் பார்ப்போம். கடல் காற்றுகூட ஜன்னல் திறந்த அளவுக்குத்தான் எங்களுக்கு.

"கடல இப்பிடி கண்ணாடியில பாக்கறதுக்கு இன்னாத்துக்குமே இவ்ளோ தூரம் வரணும்? எதிர் ஊட்டு டிவியில காட்ட மாட்டானா?" என்று வசந்தா முதல் டூரிலேயே கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது. பூந்தமல்லியிலிருந்து வரும் பாத்திமா அப்போது மாசமாக இருந்தாள். அவசரம் என்றாள். கதவைத் தட்டினோம், கத்தினோம். சாலையில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருவர் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, கையை விரித்துக்காட்டிவிட்டுப் போனார். பாத்திமாவால் அடக்க முடியவில்லை. சீட்டிலேயே ஆகிவிட்டது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஆறிப்போன புரோட்டா பொட்டலங்களைத் தூக்கிப் போட்டார்கள். வறுத்த மீன் வாசனை அவர்கள் விரலில்தான் இருந்தது. நனைந்த சீட்டைப் பார்த்து ஏகாம்பரம், "இன்னாமே, பஸ்ஸுலயே கடல கொண்டாந்துட்டீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. வசந்தா தன் பொட்டலத்தை அவர் காலடியில் வைத்தாள். "நீயே துன்னு" என்றாள். அம்பத்தூர் வரும்வரை பாத்திமாவின் கையை விடவில்லை.

அடுத்த பொங்கல் வந்தது. பாத்திமா டூருக்கு வரவில்லை, கைக்குழந்தை. அந்தப் பூட்டு பகலில் கதவுக் கொண்டியில் திறந்தபடி தொங்கும், சாவியும் அதிலேயே இருக்கும். மதியம் மீன் காட்சிக்கு எல்லோரும் இறங்கியபோது வசந்தா கடைசியாக இறங்கினாள். உள்ளே போனால், ஒரு கண்ணாடித் தொட்டிக்கு எதிரில் நின்றுகொண்டு கைப்பையைத் திறந்து எனக்குக் காட்டினாள். உள்ளே சீப்பு, பவுடர் டப்பா, அதற்கு நடுவே அந்தப் பித்தளைப் பூட்டு. "அய்யோ, மாட்டிக்கினா?" என்றேன். "மாட்டிக்கினு கீறது நாமதான்மே, போன வருசத்துலேர்ந்து" என்றாள்.

சாயங்காலம் பூட்டைக் காணோம் என்று டிரைவர் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயருக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். தாகத்தில் இருந்த ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "உடுப்பா, இதுங்க எங்க பூடப் போவுதுங்கோ? யாரும் எறங்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அதட்டிவிட்டு ஆண்களை ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் தலை தெருமுனையில் மறையும்வரை வசந்தா பொறுத்தாள். பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "வரவங்கோ வாங்க. வராதவங்கோ கதவ சாத்திக்குங்க" என்று சொல்லி இறங்கினாள். கடைசியில் கதவைச் சாத்த ஒருத்தியும் இல்லை.

கடற்கரைச் சாலையில் மாடியில் ஒரு ஓட்டல். பெயர் வேண்டாம், பாவம். படியேறிப் போனோம். சர்வர் எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "ஆம்பளைங்க வரலியா?" என்றார். குடிக்கிற இடத்தை ஒரு தட்டி வைத்து மறைத்திருந்தார்கள்; வசந்தா அதற்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "வந்துகீறாங்களே. அதோ, நீங்கதான் ஊத்திக்குடுத்துகினு கீறீங்கோ." தட்டிக்கு மேலே ஏகாம்பரத்தின் தலை எழும்பியது. வாயில் மீன் துண்டு.

"இன்னாமே இது? பஸ்ஸுல யாரு கீறது?"

"யாரும் இல்ல அண்ணே. நீ வோணா போயி குந்திக்கோ."

ஆண்கள் பக்கத்திலிருந்தே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நாங்கள் ஜன்னல் ஓரமாக மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் சுடச்சுட வந்தன. முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, விரலைச் சப்பி, சத்தம் போட்டுச் சாப்பிட்டோம். அப்புறம் கீழே இறங்கி, விளக்குகளுக்கு அடியில் கைகோத்துக்கொண்டு நடந்தோம். பாறைமேல் ஏறி நின்று வசந்தா பூட்டிலிருந்து சாவியை உருவினாள். கடலில் எறிந்தாள். பூட்டை அமுக்கிப் பூட்டி என் கையில் கொடுத்து, "உன் ஊட்ல வெச்சிக்கோ. என் ஊட்ல பாத்தா கேள்வி கேப்பாங்கோ" என்றாள்.

கேள்வி மட்டும் கேட்கவில்லை. ஏகாம்பரம் ஒரு வாரத்துக்குள் அண்ணனூருக்குப் போய் அவள் புருஷனிடம், "உம் பொண்டாட்டி பார்ல குந்தினு கீறா, பாத்துக்கோ" என்று வத்தி வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் வசந்தா இடது கண் வீங்கி வேலைக்கு வந்தாள். கம்பி சுற்றும்போது ஒரு கண்ணால்தான் பார்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "இறாலு நல்லாதான் இருந்துச்சு இல்ல?" என்று கேட்டாள். ஏகாம்பரம் அண்ணே, அந்தக் கண்ணை வீங்க வைத்த வாயால்தான் நீங்கள் அடக்கம் என்று பேசினீர்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பிறகும் டூர் போனது. டிரைவர் புதுப் பூட்டு கொண்டுவந்தார். அதை மாட்ட ஒரு தடவையும் வசந்தா விடவில்லை. பத்து வருடம் அந்தச் சாலையில் நடந்தோம். அடுத்த வருடமே பாத்திமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்த வைண்டிங் பிரிவுப் பெண்களே, நீங்களும்தான் நடந்தீர்கள். இறால் தின்ற வாய் அன்றைக்கு எங்கே போனது?

கூட்டம் முடிந்து கவிதாவோடு வெளியே வந்தேன். அவளும் இப்போது எஸ்டேட்டில்தான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சித்தி, எங்க கம்பெனியில பாண்டிக்குக் கூட்டிகினு போறாங்கோ. நான் வரலன்னு சொல்லிடப் போறேன். அம்மா அவ்ளோ அடக்கமா இருந்தாங்கன்னு அவரு சொன்னதும் ஒரு மாரி ஆயிட்ச்சி. நானும் அப்பிடியே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

அந்த இடத்திலேயே என் ரத்தம் கொதித்தது. வசந்தா மகளிடம் எதையும் சொன்னதில்லை. அப்பா அடித்ததைச் சொல்லாமல் கடலைச் சொல்ல முடியாதே, அதனால் இரண்டையும் முழுங்கிவிட்டாள். அதைத் தெரிந்துகொண்டா ஏகாம்பரம் பேசினார்? தெரியாது. ஆனால் செத்தவளைத் தூக்கி மறுபடி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார். போதாதென்று அவள் மகளையும் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கப் பார்த்தார்.

கவிதாவை வீட்டுக்குக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவைத் திறந்து பூட்டைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அந்த ஓட்டலு இன்னும் கீதா சித்தி?" என்று கேட்டாள். "கீது. ஜன்னல் ஓரமா குந்து" என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறாள். பூட்டைத் தரச் சொல்லிக் கேட்டாள். கொடுக்கவில்லை. அவளுக்கு அவள் அம்மாவின் முகம் இருக்கிறது, அம்மாவின் வாயும் வந்துவிடும். எனக்கு வசந்தா விட்டுப்போனது இது ஒன்றுதான்.

ஏகாம்பரம் அண்ணே, அன்றைக்கு டிரைவர் டயருக்கு அடியிலெல்லாம் தேடினாரே, அந்தப் பூட்டு கள்ளிக்குப்பத்தில் என் பீரோவில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன். சாவி வேண்டுமென்றால் நீங்கள் கடலில்தான் இறங்க வேண்டும்.