அடிக்கிற கிழவருக்கு வந்த பென்சன்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அந்தக் கிழவர் என்ர மூக்கை உடைச்சுப்போட்டார். முகம் துடைச்சு விடுவமெண்டு ஈரத்துணியோட கிட்டப் போனன், முழங்கையால ஒரு இடி. வெள்ளை யூனிபோமெல்லாம் ரத்தம். "கோதாரி விழுவான்!" எண்டு நான் தமிழில கத்துறன், அவர் இங்கிலீசில அதைவிடக் கேவலமாத் திட்டுறார். லண்டனில கோலியர்ஸ் வுட்டுக்குக் கிட்ட இருந்த முதியோர் இல்லம் அது. தொண்ணூறுகளின்ர தொடக்கம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எனக்கு ரெண்டு வருசம்தான்.

கிழவர் ரெண்டாம் உலகப்போரில பர்மாவில சண்டை பிடிச்சவர். அங்க வெடிச்ச செல்லின்ர துண்டொண்டு தலைக்குள்ள போனது. அந்தக் காயத்துக்கு அரசாங்கம் ஏதோ பென்சன் குடுத்துக்கொண்டிருந்தது. வயசு போக அதே காயம் அவற்ற புத்தியைத் திண்டிட்டுது. கடிப்பார், உதைப்பார், முள்ளுக்கரண்டியால குத்துவார். ஒருக்கா என்ர கழுத்தை நெரிச்சு, ரெண்டு பேர் வந்துதான் அந்த விரல்களை ஒவ்வொண்டா விலத்தினவை. நானும் ஒருநாள் பொறுக்கேலாமல் அவற்ற கையில ஓங்கி அடிச்சிருக்கிறன். ஒளிக்க என்ன இருக்கு?

அவற்ற மனிசி ரெண்டு ஊன்றுகோலோட ஒவ்வொரு பின்னேரமும் பஸ்ஸில வருவா. முழங்கால் ரெண்டும் மடியாது. அவவுக்கு மட்டும் அவர் அடிக்கிறேல்லை. அவவின்ர கையைப் பிடிச்சபடி நித்திரையாப் போவார்.

ஒருநாள் இல்லத்தை நடத்துற மேட்றன் அந்த மனிசியைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டா. இவரைப் பார்க்கத் தனியா ஒரு ஆள் வேணும். போர்க்காயம் பட்ட ஆக்களுக்கு, கவனிக்க ஆள் வைக்கிறதுக்கெண்டு பென்சனுக்கு மேலால ஒரு காசு உண்டு. அது கிடைச்சால் இவரை இங்கயே வைச்சிருப்பம். கிடைக்காட்டி லண்டனுக்கு வெளியில இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரிதான், பூட்டின வார்ட். அங்க போக மூண்டு பஸ் மாற வேணும். அந்தக் காலோட அவவுக்கு ஏலுமே?

மனிசி அந்தக் காசுக்கு விண்ணப்பம் போட, பென்சன் டொக்டர் வந்து கிழவரைப் பார்க்கிறதெண்டு நாள் குறிச்சவை. அண்டைக்கு நான் செய்த விசர் வேலையைக் கேளுங்கோ. காலமையே கிழவரைக் குளிக்க வார்த்து, சவரம் எடுத்து, டை கட்டி இருத்தினன். அவர் கடிச்சு என்ர கையில கிடந்த பல்லுக்காயம் தெரியாமல் நான் நீளக்கை கார்டிகனும் போட்டன். பெரிய இடத்தில இருந்து ஆள் வருகுதெண்டால் வீட்டைக் கூட்டிக் கழுவி, குழப்படி எல்லாத்தையும் மறைச்சு வைக்கிறதுதானே எங்கட பழக்கம்! டொக்டர் "அடிப்பாரோ?" எண்டு கேட்டார். "சீச்சீ, தங்கமான மனுசன்" எண்டன். புருசனிட்ட அடி வாங்கிப்போட்டுக் கதவில இடிபட்டதெண்டு சொல்லுற சனம் நாங்கள். அதிலயும் அரசாங்கத்து ஆளிட்ட ஒருத்தரைக் காட்டிக் குடுக்கிறதெண்டால் நாக்கு எழும்பாது. கிழவரும் அண்டைக்கெண்டு பூனைக்குட்டி மாதிரி இருந்தார்.

காசு இல்லையெண்டு கடிதம் வந்தது. மனிசி அதை எனக்குக் காட்டினா. திட்டியிருந்தால் பரவாயில்லை. "நீர் அவரைப் பற்றி நல்லபடியாச் சொன்னதுக்கு நன்றி" எண்டா. எனக்கு அந்த இடத்திலேயே செத்திடலாம் போல இருந்தது.

மனிசி அப்பீல் போட, வேற டொக்டர் வந்தார். இந்த முறை கையைக் காட்டினன், கழுத்தைக் காட்டினன், எல்லாத்தையும் சொன்னன். அவர் பைலைப் புரட்டினார். "போன முறை தங்கமான மனுசன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறீர்?" கிழவர் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார். மூலையில மனிசி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறா. டொக்டர் பேனையை மூடினார்.

கிழவருக்கு இரும்புச் சத்தம் ஆகாது. அவற்ற அறைக்குப் பிளாஸ்டிக் தட்டுத்தான் கொண்டு போறது. நான் குசினிக்கு ஓடிப்போய் ரெண்டு இரும்புத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தன். அவற்ற கதிரைக்குப் பின்னால நிண்டு ரெண்டையும் நிலத்தில ஓங்கி அடிச்சன்.

தேத்தண்ணிக் கோப்பை என்ர நெத்தியில உடைஞ்சுது. தலைமயிரைப் பிடிச்சு என்னைச் சுவரில ரெண்டு தரம் மோதினார். விழுந்த பிறகும் வயித்தில உதைச்சார். பிடிக்க வந்த டொக்டருக்கு வாயில குத்து, கண்ணாடி பறந்தது. பிறகு கிழவர் கட்டிலுக்குக் கீழ பூந்து, மூத்திரம் போய், செத்துப்போன ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குழறினார். மனிசி ஊன்றுகோலை எறிஞ்சுபோட்டு நிலத்தில படுத்து, கட்டிலுக்குக் கீழ கையை நீட்டினா.

"ஒவ்வொரு நாளும் இப்படியோ?" எண்டார் டொக்டர், ரத்தம் வழிஞ்ச வாயில லேஞ்சித் துணியை அமத்திக்கொண்டு.

"ஓம்" எண்டன்.

காசு கிடைச்சது. கிழவர் அங்கேயே இருந்தார், மனிசியும் பின்னேரங்களில வந்துகொண்டிருந்தா. அவருக்கெண்டு தனியா வைச்ச ஆள் நான்தான். காலமை நான் கதவைத் திறந்தால் போதும், ரெண்டு கையாலயும் முகத்தை மறைச்சுக்கொண்டு சுவரோட ஒட்டிப்போவார். சாகும் வரைக்கும் அவர் என்னைப் பிறகு ஒருக்காலும் அடிக்கேல்லை.