மடிப்பு விட்டுத் தைத்த சீருடை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு திராட்சைப் பந்தலில் கொடி வெட்டும் கவாத்துக் கத்தரி பிடித்த கை இது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன் என்று நூலகத்து அம்மா சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் எரிந்த இடத்தில் இப்போது நூலகம் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நூலகத்து அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தார்கள். பிள்ளையைப் பற்றி என்ன தோன்றுகிறதோ எழுதிக் கொடுங்கள், சேர்த்துத் தைத்து இங்கேயே வைக்கிறேன் என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் நோட்டு இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்தது. காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து சின்னமனூர் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஊரிலேயே ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தபோது நான்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முன்னால் ஓட்டுக் கட்டடம், பின்னால் தென்னங்கிடுகு வேய்ந்த நீளக் கொட்டகை. சின்ன வகுப்புகள் கொட்டகையில் நடந்தன. அதை ஒட்டிச் சமையல் அடுப்பு. அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எங்கள் வீடும் கிடுகு வேய்ந்ததுதான்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ராட்டினத்துக்குப் பக்கத்துக் கடையில் ரோஸ் கலரில் ஒரு நைலான் கவுன் தொங்கியது. இடுப்பைச் சுற்றி வலைத்துணியில் சுருக்கம் வைத்தது. மகள் அந்தக் கடையை விட்டு நகரமாட்டேன் என்றாள்.

"இந்த வேக்காட்டுல இது ஒடம்புல ஒட்டும். நூல் துணி எடுங்க" என்றாள் என் மனைவி.

"அம்மாவுக்கு ஒட்டும், எனக்கு ஒட்டாது" என்றாள் மகள்.

நான் வாங்கிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் சீருடைக்குத் துணி எடுத்தோம். நீலத்தில் கையில்லாத பினோபார், உள்ளே போட வெள்ளையில் சட்டை. நூல் துணியாகப் பார்த்து என் மனைவியே எடுத்தாள். சின்னமனூர் பஜாரில் ஒரு தையற்காரரிடம் அளவு கொடுத்தோம். எங்கள் மகளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி அவர் அளந்தார்.

"எம் மகளுக்கும் இதே அளவுதாங்கக்கா. ரெண்டும் ஒரே வயசு" என்றார்.

"வளர்ற பிள்ளை. கீழ நாலு விரக்கடை மடிப்பு விட்டுத் தைங்க. மூணு வருசத்துக்கு ஓடணும்" என்றாள் என் மனைவி.

"நாலு என்ன, ஆறே விடுறேன். கல்யாணத்துக்கே போட்டுக்கிரலாம்."

மகள் வெட்கப்பட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதுவரை கலர் உடுப்பிலேயே வரட்டும் என்று பள்ளிக்கூடத்திலும் விட்டிருந்தார்கள். அவள் தினமும் ரோஸ் கவுனைத்தான் கேட்டாள். இரவு துவைத்துக் காயப்போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும் துணி அது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சின்னமனூர் போனேன். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் மறுநாள் இருந்தது. கடை நிறையப் பெண்கள், வாசற்படி வரை. எல்லோரும் ரவிக்கை வாங்க வந்தவர்கள்.

"ஏண்ணே, கைய இம்புட்டு இறுக்கமா வச்சுருக்கீகளே, நான் பந்தியில சோத்தை எப்பிடி அள்ளித் திங்க?" என்று ஒரு அம்மா ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு வேளை சோத்தைக் கொறைங்க, ரவிக்கை தானாப் பெருசாகும்" என்றார் தையற்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. பெண்கள் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். எதிரே டீக்கடையில் போய் நின்றேன். கூட்டம் குறையட்டும் என்று ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். தையற்காரரின் தலைக்கு மேலே கம்பியில் நாலைந்து நீலச் சீருடைகள் தொங்கின. அதில் ஒன்று எங்களுடையதாக இருக்கும் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. ரோட்டைக் கடந்து "அண்ணே, பள்ளிக்கூடத்துத் துணி" என்று சொன்னால் போதும். ஊர் பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "எங்க துணி?"

"இன்னும் தைக்கலையாம்" என்றேன்.

"எட்டு நாளாச்சு குடுத்து! கல்யாண ரவிக்கைன்னா மட்டும் மிசினு ஓடுமா அவனுக்கு?"

"அப்ப நாளைக்கும் ரோஸ் கவுனு!" என்று மகள் குதித்தாள். அவள் குதித்ததைப் பார்த்ததும் பொய் சொன்னது பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேற்கு மலையிலிருந்து காற்று வீசும் பருவம். நான் பந்தலில் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி வாக்கில் ஊர்ப்பக்கம் புகை தெரிந்தது. எங்கள் பக்கம் கரும்பு வெட்டிய வயலில் மிஞ்சிய காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துவது வழக்கம். இந்தக் காற்றில் போய் எவன் சோகை கொளுத்துகிறான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு இன்னும் இரண்டு கொடியை வெட்டினேன். பிறகுதான் சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை. அடுப்புப் பொறி கிடுகில் பட்டு, காற்று மீதியைச் செய்திருந்தது. அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். மற்ற வீட்டுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மகளுக்கு உயிர் இருந்தது. தேனி ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம் வரை இருந்தது. தண்ணீர் கேட்டாள். வேறு எதுவும் பேசவில்லை. வார்டில் இருந்த நர்சம்மா வேலை செய்துகொண்டே இன்னொரு நர்சிடம் சொன்னாள். "நைலான் துணிடி. உருகி ஒட்டிக்கிருச்சு. நூல் துணின்னா இம்புட்டு ஆழம் போயிருக்காது." எங்களுக்குக் கேட்கட்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றோம்.

சீருடை போட்டிருந்த பிள்ளைகளும் அன்று போனார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு. அதையும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசித்து ஒன்றும் தீரவில்லை.

என் மனைவி அழுகிறபோதெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினாள். "ஒரு நா முந்தித் தச்சிருந்தா எம் பிள்ளை கெடைச்சிருக்குமே."

பதினைந்து நாள் கழித்துத் தையற்காரர் பஸ் ஏறி வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். வாசலில் நின்று, "அக்கா, பிள்ளை துணி. வச்சுருக்க மனசு வரலை" என்றார்.

என் மனைவி அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "இப்பத்தான் தச்சு முடிச்சியா? எம் பிள்ளை வெந்து போனப்பறம் தச்சு முடிச்சியா? ஒங் கை வெளங்குமா?" தெருவே கூடிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். எல்லோரும் கலைந்த பிறகு பொட்டலத்தை நான் எடுத்து, நிலப் பத்திரம் வைக்கிற தகரப் பெட்டியில் அடியில் வைத்தேன். அந்தப் பெட்டியை என் மனைவி திறப்பதில்லை.

எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னிச்சாமி. ஓர் ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்துக் கும்பிடுவோம். வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் புதுத்துணி வைத்துவிட்டு, பழையதைச் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குப் போட்டுவிடுவோம். என் மனைவி துணி எடுக்க உத்தமபாளையம் போனாள், தைக்கக் கம்பம் போனாள். சின்னமனூர் பஜாரில் அந்தத் தெருப்பக்கம் அவள் கால் வைக்கவில்லை. அவர் தைத்துக் கொடுக்காததால்தான் பிள்ளை போனாள் என்று குழாயடியில் சொன்னாள், களையெடுக்கிற இடத்தில் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அந்தத் தையற்காரரிடம் துணி கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. கம்பத்துத் தையற்காரர் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்பார். "ஏழு" என்பாள்.

சில வருஷம் கழித்து அதே டீக்கடையில் தையற்காரரை நேருக்கு நேர் பார்க்கும்படி ஆயிற்று. நான் கிளாசை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

"டீயைக் குடிங்கண்ணே" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க இங்கன நின்னதப் பாத்தேன். கூப்புடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு அம்மா ஊக்கு வைக்கலைன்னு சண்டைக்கு வந்துருச்சு. திரும்பிப் பாத்தா நீங்க இல்ல" என்றார்.

"வீட்டுல சொல்லலை" என்றேன்.

"தெரியும். சொல்லியிருந்தா அக்கா என்னை விட்டுருப்பாகளே." எழுந்து போகும்போது, "அக்காவுக்குத் திட்ட ஒரு ஆளாச்சும் இருக்கட்டும், விடுங்க" என்றார்.

அன்றைக்காவது வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாள் போகப் போக எளிதாகும் என்று நினைத்தேன். நாள் போகப் போகக் கஷ்டம்தான் ஆயிற்று.

இந்த வருஷம் ஆடி மாதக் கடைசியில் அவர் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. மகளுக்குக் கல்யாணம், ஆவணியில் முதல் முகூர்த்தம். எங்கள் மகளோடு ஒரே அளவு என்று சொன்ன அந்தப் பிள்ளைதான். என் மனைவி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர் பத்திரிகையை வாசல் நிலையோரம் வைத்துவிட்டு, "வந்துருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவன் மகளுக்குக் கல்யாணமாம்" என்றாள் அவர் போனதும். "எம் மகளுக்கு வருசா வருசம் ஏழு வயசு. இவனுக்கு எந்த மூஞ்சி இருந்தா இங்கன வருவான்?"

நான் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் கடைக்குள்ள போகவே இல்ல. பொம்பளைக கூட்டமா இருந்துச்சு. எதுத்தாப்புல நின்னுட்டு வந்துட்டேன். துணி தச்சுத் தொங்குச்சு."

அவள் கை நின்றது. "தச்சிருந்துச்சா?"

"ஆமா."

"பொத்தானெல்லாம் வச்சு?"

"எல்லாம்."

மீதிக் கீரையையும் உருவி முடித்தாள். "பன்னெண்டு வருசமா ஒரு மனுசனை வாயில போட்டு மென்னுருக்கேன். நீங்களும் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே கேட்டிருக்கீக."

தகரப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பேப்பர் மஞ்சளாகியிருந்தது. துணி நன்றாகவே இருந்தது. பினோபாரைத் திருப்பிக் கீழ் மடிப்பில் விரலை வைத்து அளந்தாள். நாலு கேட்டதற்கு ஆறு விரற்கடை விட்டிருந்தார். பிளேடு எடுத்து வந்து மடிப்புத் தையலைப் பிரித்தாள். நிதானமாக, துணியில் கீறல் விழாமல், நூலை மட்டும் அறுத்தாள். முழு நீளத்துக்கு உதறிப் பார்த்துவிட்டு, ஓலைப்பெட்டியில் இருந்த பாவாடை சட்டையை எடுத்துவிட்டு இதை வைத்தாள். பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை.

மறுநாள் மார்க்கையன்கோட்டையில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் திரும்பி வந்தாள். நான் வேட்டி எடுத்து வைத்தேன். "நீங்க வர வேணாம்" என்றாள். தனியாகப் போனாள். சாயங்காலம் வந்து தாம்பூலப் பையை ஆணியில் மாட்டினாள்.

"பொண்ணு நல்ல ஒசரம்" என்றாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வந்து, "பரண்ல ஒரு நோட்டுக் கெடக்கே, அதை எடுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"அந்தாளுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா நான் ஊர் பூராம் ஏசியிருக்கேன். ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி மாத்திச் சொல்ல முடியுமா? ஒங்களுக்கும் வாயில வராது. எழுதுங்க. லைப்ரேரியில கெடக்கட்டும். படிக்கிறவக படிக்கட்டும்."

எழுத இத்தனை நாள் பிடித்தது. நேற்று அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். வீரபாண்டிக் கடை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"நான் வேணாம்னு சொன்னதோட விட்டுட்டீகளே. அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு அவ கடைக்கு முன்னால ஒரு சுத்துச் சுத்தினா. நானுந்தான் சிரிச்சேன். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

2010-ஆம் வருஷம், ஆவணி 27, ஞாயிற்றுக்கிழமை.