முன்வரிசை விறகு

அக்டோபர் முதல் வாரத்துக்குள் தூருன் குளிர்கால வேலைகளைக் கிட்டத்தட்ட முடித்திருந்தாள். தோட்டத்துக் குழாயில் தண்ணீரை வடித்தாயிற்று. உருளைக்கிழங்கு நிலவறைக்குப் போயாயிற்று. பனி தள்ளும் வண்டிக்கு வழி தெரிய ஓரமெல்லாம் கழி நட்டாயிற்று. பாக்கி விறகுதான்.

அவர்கள் பள்ளத்தாக்கில் பிர்ச் மரத்தைப் பனிக்காலத்திலேயே வெட்டி, வசந்தத்தில் பிளந்து, கோடை முழுக்கக் காயவிடுவார்கள். இந்த வருஷம் மார்ச்சில் அவள் கணவன் ஹால்வர் தொழுவக் கூரையில் பனி தள்ளும்போது விழுந்து, முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். தூருன் தனியாளாக மரம் வெட்டி முடிக்க ஜூலை ஆகிவிட்டது. பிளந்ததெல்லாம் இன்னும் ஈரம். நவம்பரில் ஹால்வர் வீடு திரும்புவான். படுத்தே கிடப்பவனுக்கு நெஞ்சில் சளி கட்டினால் ஆபத்து, அறை சூடாக இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உதவி கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் ஒரு வீட்டின் லட்சணத்தை விறகு அடுக்கில்தான் பார்ப்பார்கள். ஹால்வர் படுத்தான், வீடும் படுத்துவிட்டது என்று எவளும் சொல்லிவிடக் கூடாதே! வீம்பு பிடித்தவள். போன வருஷம் மிஞ்சிய காய்ந்த விறகு கொஞ்சம் கிடந்தது. அதை ரோட்டைப் பார்த்த முன்வரிசையில் நூல் பிடித்தாற்போல் அடுக்கினாள். பின்னால் மூன்று வரிசையும் ஈர விறகு.

மறுவாரம் பக்கத்துப் பண்ணை ஸ்டெய்னார் வந்தார். முன்வரிசையில் இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டினார். நன்றாகக் காய்ந்த கட்டை, கணீரென்றது.

“அடேயப்பா! ஹால்வர்கூட இப்படி அடுக்கினதில்லையே.”

“அவருக்கு எப்பவும் அவசரம். உங்களுக்குத் தெரியாததா?”

“ஊர்ல எல்லாரும் சேர்ந்து உனக்குன்னு ரெண்டு லோடு பிளந்து வச்சோம். வேணுமா, இல்ல மேட்டு வீட்டு ரக்னாவுக்குக் குடுத்துடவா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். “அவளுக்கே குடுங்க. எனக்கென்ன குறை?” என்றாள். அவர் டிராக்டர் வளைவு திரும்புவதற்குள் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஹால்வர் வந்தான். காரிலிருந்து இறக்கும்போதே அடுக்கைப் பார்த்துக் கண் கலங்கினான். “நீ ஒருத்தியா இத்தனையும் பண்ணுன?” என்றான். தூருன் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

தினமும் முன்வரிசையிலிருந்து எடுத்து எரித்தாள். இடைவெளி தெரியாமல் ஈரக் கட்டையைச் செருகினாள். பத்தே நாளில் காய்ந்தது தீர்ந்தது. அப்புறம் அடுப்பில் கட்டைகள் சீறின, முனையில் தண்ணீர் கொப்புளித்தது, அறையில் கதகதப்பே இல்லை. ஹால்வருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“அடுப்பு ஏன் அழுவுது?” என்று ஒரு நாள் காலையில் கேட்டான்.

“வெளியில காத்து சரியில்ல.”

“எனக்கு முதுகுதான் போச்சு தூருன், காது நல்லாத்தான் இருக்கு. எத்தனை வரிசை ஈரம்?”

“இப்ப எல்லாமே.”

ஹால்வருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் தூருன் போனை எடுத்தாள்.

“ஸ்டெய்னார், விறகு வேணும். எங்கிட்ட இருக்கிறதெல்லாம் ஈரம். வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சுட்டேன்.”

“தெரியும். ரெண்டு வாரமா உன் புகைபோக்கியில ஈர விறகோட வெள்ளைப் புகைதானே. ரக்னாவுக்கு ஒரு லோடோட நிறுத்திட்டேன், மத்தது உனக்குத்தான். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவளுக்கு நன்றி சொல்ல வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரிந்தும் இரண்டு வாரம் சும்மா இருந்தாரா? ஆனால் அதைக் கேட்க அவளுக்கு என்ன யோக்கியதை? உள்ளே ஹால்வர் மறுபடி இருமினான்.

“இருட்டினப்புறம் பின்வழியா வந்து இறக்கட்டுமா? யாரும் பார்க்க மாட்டாங்க” என்றார் ஸ்டெய்னார்.

“வேண்டாம். இப்பவே வாங்க,” என்றாள் தூருன். “ரோட்டு வழியாவே வாங்க.”