சுண்டு விரல் பாடம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான். "மாமா, அந்தச் சுண்டு விரல் வீடியோ இருக்கா? எங்கம்மாவுக்கு அனுப்பணும்." நானும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு நிமிசம் ஓடும். ஒரு போனை எடுப்பதற்கு என் மனைவி படும் பாட்டைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தான் எடுத்தோம்.

ஆனால் அந்த வீடியோவில் ஒரு துண்டு இல்லை. வெட்டிவிட்டோம். வெட்டச் சொன்னவள் என் மனைவி. இப்போது அவளே, "பிள்ளைங்களுக்குத்தானே, எழுதுங்க, தெரியட்டும்" என்கிறாள். நான் பத்தாம் ஆண்டோடு நின்றவன். பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டாதீர்கள்.

எங்களுக்கு லிந்துலைப் பக்கம் தோட்டம். நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெசினில் நிற்கிறேன். என் மனைவி பதினெட்டு வயதிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கிறவள். ரெண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் கிடைத்தது. சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு.

பெரியவள் புறப்பட எட்டு நாள் இருந்தது. சந்தோசமாக இருக்க வேண்டிய பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். என்ன என்று கேட்டேன்.

"நான் அங்கேருந்து கோல் பண்ணினா யாருப்பா எடுக்கிறது? நீங்க மெசின்ல நிப்பீங்க. அம்மா போனத் தொடவே மாட்டாங்க. அம்மா முகத்தப் பாக்காம நான் அங்க எப்படி இருக்கிறது?"

அவள் சொன்னது உண்மை. கொரோனா நேரத்தில் பாடத்துக்கென்று வாங்கிய போன் ஒன்று வீட்டில் இருந்தது. அது அடித்தால் என் மனைவி அதை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு ஓடுவாள். அங்கே யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் அது அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அதற்கு முந்தின வருசம் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பெரியவள் ஹட்டனுக்கு வகுப்புக்குப் போன நாளில் நல்ல மழை. வழியில் மண் சரிந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. நான் ஸ்டோரில். பிள்ளை ஒரு கடையோரம் ஒதுங்கித் தன் போனிலிருந்து வீட்டுக்குக் கோல் எடுத்திருக்கிறாள். ஆறு தடவை. யாரும் எடுக்கவில்லை. இருட்டும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றுவிட்டு, கடைசியில் கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். என் மனைவி வீட்டில்தான் இருந்தாள். கேட்டதற்கு, "போன் அடிச்சது கேக்கலங்க, மழை சத்தம்" என்றாள். அன்றைக்கு நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு ஒரு வருசமாக அவளை "செவிடி" என்றுதான் கூப்பிட்டேன். விளையாட்டுக்குத்தான். சாப்பிடக் கூப்பிடுவது என்றாலும், "ஏ செவிடி, சோறு போட்டியா?" அவளும் சிரித்துக்கொண்டு போட்டாள்.

பெரியவள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டோம். வாவிக்கரையில் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் பெரியவள் எழுந்து துப்பட்டாவை உதறினாள்.

"இன்னைக்கு ஒரு வீடியோ எடுக்கப்போறோம். போன் எடுப்பது எப்படி. நடிக்கிறது அம்மா. கேமரா அப்பா."

"நான் மாட்டேன் போ," என்றாள் என் மனைவி. "நாலு பேரு பாக்கிற எடத்துல."

"நாலு பேரு பாக்கத்தாம்மா வீடியோ. நான் அங்க போன பெறகு நீங்க இதப் போட்டுப் போட்டுப் பாத்துப் பழகலாம்."

"எடுக்கத் தெரியாதவளுக்கு அதப் போட மட்டும் தெரியுமாக்கும்?" என்று கேட்டாள். சின்னவள், "நான் போட்டுக் காட்டுறேம்மா" என்றாள்.

பெரியவளின் போனில் படம் பிடிப்பது என் வேலை. வீட்டுப் போன் என் மனைவி கையில். என்னுடைய பழைய பட்டன் போன் சின்னவள் கையில். அவள் கொஞ்சம் தள்ளி நின்று கோல் எடுக்க வேண்டும், அம்மா ஆன்சர் பண்ண வேண்டும். ஏற்பாடு சரிதான். முதல் தடவை எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க என் பெருவிரல்.

"அப்பா நல்லா நடிச்சிருக்காங்க," என்றாள் சின்னவள்.

ரெண்டாம் தடவை பெரியவள் ஒரு தண்ணீர்ப் போத்தலை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குப் பெரட்டுக்கு வந்திருக்கிற எல்லா அம்மாமாருக்கும் வணக்கம்!" பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடம், உங்களுக்குத் தெரியும். "போனுக்குள்ளேயும் ஒரு பெரட்டு இருக்கு. எல்லார் பேரும் அதுல இருக்கு. பேரு வந்து நின்னு போன் அடிச்சா, இந்தப் பச்சைய மேல தள்ளணும். எங்கே, தள்ளுங்க பாப்போம்!"

போன் அடித்தது. என் மனைவி அந்தப் பச்சை வட்டத்தை ஒரு நிமிசம் பார்த்தாள். பிறகு பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அதை ஒரு கிள்ளுக் கிள்ளினாள். கிள்ளிய கை அதுபாட்டுக்குத் தோளுக்குப் பின்னால் போனது, கூடையில் போடுகிற மாதிரி.

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பின்னே என்ன? இத்தன வருசமா பச்சையக் கண்டாக் கிள்ளிப் பழகின கை. திடீர்னு தள்ளுன்னா எப்படித் தள்ளும்?"

இதுவரைக்கும் நீங்கள் பார்த்தது. இதற்குப் பிறகுதான் வெட்டிய துண்டு.

மறுபடியும் சின்னவள் கோல் எடுத்தாள். என் மனைவி இந்தத் தடவை ஆள்காட்டி விரலால் சரியாகத்தான் தள்ளினாள். போன் கேட்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். அடித்து ஓய்ந்தது.

"அழுத்தாதீங்கம்மா, மெதுவாத் தடவுங்க."

தடவினாள். நடக்கவில்லை.

"இவ்வளவு மெதுவா இல்லம்மா."

நாலு தடவை ஆயிற்று. எனக்குச் சலித்துப்போனது. "ஒரு சின்னப் பிள்ள செய்யுது, உனக்கு ஏலலியா?" என்று சொல்லிவிட்டேன். அவள் போனைப் புல்லில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த நேரம் பக்கத்தில் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்த சிங்கள அம்மா எங்களைக் கூப்பிட்டாள். சரி, சோளம் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்று எல்லோரும் எழுந்தோம். நான் கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன். போன் என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தபடி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

உப்புத் தண்ணீரில் கொதித்த சோளம். ஆவி பறந்தது. நான் வாங்கி, "ஆ, ஆ" என்று ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். பெரியவள் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். என் மனைவி சட்டிக்குள்ளிருந்து வந்ததை வெறும் விரலால் வாங்கி, மேல்தோலை உரித்து, சின்னவளுக்கு ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பெரியவள் அதையே பார்த்தாள்.

"அம்மா, சுடலையா?"

"எங்க சுடுது? விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போய்க் கெடக்கு."

பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். நுனியெல்லாம் தடித்து, கோடு கோடாக வெடித்து. பல வருசம் பக்கத்தில் இருந்து நான் பார்த்த விரல்தான். "அப்பா, அம்மாவுக்குத் தெரியாம இல்லப்பா," என்றாள் பெரியவள். "விரலுக்குச் சூடு தெரியல. அதே மாதிரி போனுக்கு விரல் தெரியல."

சோளக்கார அம்மாவும் தன் கையை நீட்டிக் காட்டினாள். "அனே நங்கி," என்று என் மனைவியைத் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னாள்: அவளுடைய போனும் அப்படித்தானாம், மகன் வந்துதான் எடுத்துக் கொடுப்பானாம்.

என் மனைவி கொஞ்ச நேரம் அந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்குப் போன் அடிச்சது கேட்டுச்சு."

எனக்கு விளங்கவில்லை. "என்னைக்கு?"

"மண் சரிஞ்ச அன்னைக்கு. ஆறு தடவையும் கேட்டுச்சு. தள்ளித் தள்ளிப் பாத்தேன். வரவே இல்ல. பக்கத்துக் காம்பராவுலயும் யாரும் இல்ல. பிள்ளதான் கூப்பிடுதுன்னு தெரியுது, படம் வருதுல்ல. என்னால எடுக்க முடியல."

பெரியவள் அம்மாவின் கையை விடவில்லை. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே புள்ள. கேக்கலன்னு ஏன் சொன்ன?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? ஒரு போன எடுக்கத் தெரியாத பொம்பளம்பீங்க. அதுக்குச் செவிடியே தேவல."

பிள்ளைகளே, நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்லியும் விட்டேனே. கையில் இருந்த சோளத்தை என்னால் சாப்பிட முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பழக்கம் இல்லை. "இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

"என்னது? கேக்கல," என்றாள் அவள்.

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். சிரிக்கும்போதே காற்றில் பறந்த சோள நார் ஒன்று அவள் கண்ணில் விழுந்துவிட்டது. "ஐயோ அம்மா, கண்ணு!" என் மனைவி அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரித்து, சுண்டு விரல் நுனியால் அந்த நாரைத் தொட்டு எடுத்தாள்.

"ஏம்மா அந்த விரலால எடுக்கிறீங்க?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள் சின்னவள்.

"இதுதான் மெதுவா இருக்கும். கொழுந்துக்கு இந்த விரல் போறதில்லல்ல."

பெரியவளும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அம்மா! அப்ப அதாலயே எடுங்க!"

சின்னவள் பட்டன் போனைத் தூக்கிக்கொண்டு அன்னப் படகுகள் கட்டியிருந்த பக்கம் ஓடினாள். பெரியவள் புல்லில் இருந்த வீட்டுப் போனை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள், நான் சட்டைப் பையிலிருந்து கேமராவை எடுத்துப் பிடித்தேன். போன் அடித்தது. என் மனைவி சுண்டு விரலை நீட்டி, பிள்ளை கண்ணைத் தொட்டது போலவே அந்தப் பச்சையைத் தொட்டு மேலே தள்ளினாள்.

இங்கிருந்து மறுபடியும் நீங்கள் பார்த்ததுதான்.

"அலோ?"

"அலோ! யாரு பேசுறது?"

"நீ யாரு பேசுற?"

"நான் ஒங்க சின்ன மக!"

"எங்கேருந்து பேசுற?"

"ஒங்களுக்குப் பின்னாலருந்து!"

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பதும், பெரியவள் சோளக் கட்டையை மைக்காகப் பிடித்து, "பார்த்தீங்களா அம்மாமாரே, சுண்டு விரல்!" என்று கத்துவதும், சோளக்கார அம்மா தன் போனை எடுத்துச் சுண்டு விரலால் தட்டிப் பார்ப்பதும் எல்லாம் இருக்கிறது. ரெண்டாம் பாடம் கோலை வெட்டுவது எப்படி என்று பெரியவள் சொல்ல வாயெடுத்தபோது மழை கொட்டத் தொடங்கியது. போன்களை ரொட்டி கொண்டுவந்த டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். ரெண்டாம் பாடம் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் பெரியவளை மட்டக்களப்பில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு ஓடி வந்தேன். என் மனைவி முழங்கையால் என்னைத் தள்ளினாள். "நீங்க தள்ளி நில்லுங்க. நான் எடுக்கிறேன்." கையைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். சுண்டு விரலை நீட்டினாள். பெரியவள் முகம் வந்தது.

"அம்மா, நீங்களா எடுத்தீங்க?" என்று பிள்ளை கேட்டாள். "பின்னே ஒங்கப்பனா?" என்றாள் இவள். அதற்குப் பிறகு சாப்பாடு, கொசு, வெயில், கூட இருக்கும் பிள்ளைகள் எந்த ஊர் என்று அரை மணித்தியாலம் போனது. கடைசியில் பெரியவள், "சரிம்மா, வைங்க," என்றாள்.

என் மனைவி வைத்தாள். அலுமாரித் தட்டில், சீனி டின்னில் சாய்த்து, விழாமல் பார்த்து வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். சின்னவளைக் கணக்குச் செய்யச் சொல்லி ஏசினாள். தகரத்தில் மழை விழுந்தது.

நான் கோலை வெட்டலாம் என்று தட்டுக்குப் போனேன். போனில் பெரியவள் முகம் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள். "இருக்கட்டும்பா," என்றாள் மெதுவாக. "தேங்காய் துருவுற சத்தம் கேக்குது."

இப்போதும் அப்படித்தான். சுண்டு விரலால் எடுப்பாள், பேசுவாள், "வைக்கிறேன்" என்று சொல்லித் தட்டில் வைப்பாள். அந்தப் பக்கம் பிள்ளை படித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ரெண்டாம் பாடத்தையும் எடுத்துவிடலாம் என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"எடுக்கத் தெரிஞ்சாப் போதும்," என்கிறாள் அம்மா.